முள்ளு கத்தரிக்கு 'புழு விழாத' விதை: வாங்கலாமா, வந்தால் என்ன ஆகும்?

கழனிமேடு:
எல்லாருக்கும் வணக்கம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் இலவம்பாடி முள்ளு கத்தரி போடுகிறவர்களுக்குக் காய்ப்புழுதான் பெரும் செலவு. வாரம் தவறாமல் மருந்து அடித்தாலும் மண்டிக்குப் போகும் முன் சொத்தைக் காயைக் கழிக்க வேண்டியிருக்கிறது. இந்த நேரத்தில் "புழுவே விழாத கத்தரி, வெளிமாநில விதை" என்று பில் இல்லாமல் யாராவது பொட்டலத்தை நீட்டினால் ஆசை வரத்தான் செய்யும். அது பிடி (Bt) கத்தரியாகத்தான், அதாவது புழுவைக் கொல்லும் மரபணுவைச் சேர்த்த கத்தரியாகத்தான் இருக்க முடியும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சட்டப்படி அது செல்லுமா? மருந்துச் செலவு குறையுமா? பக்கத்துக் கழனியில் ஒருவர் போட்டால், நாம் வழிவழியாக எடுத்து வைக்கிற விதை என்ன ஆகும்? பருத்தியில் முதலில் நன்றாக இருந்து பிறகு கெட்டுப்போனது என்கிறார்களே, அது ஏன்?

பூச்சிக்கண்:
செல்லாது. நம் நாட்டில் விவசாயி கழனியில் இன்று சட்டப்படி விளைகிற ஒரே மரபணு மாற்றுப் பயிர் பருத்தி. பிடி கத்தரிக்கு மத்திய மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு 2009 அக்டோபரில் சம்மதம் சொன்னது. 2010 பிப்ரவரியில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வைத்தார். அந்தத் தடை இன்னும் நீங்கவில்லை. 2019-ல் அரியானாவின் பத்தேஹாபாத்தில் ஒரு விவசாயியின் நிலத்தில் இருந்தது பிடி கத்தரிதான் என்று சோதனையில் உறுதியானதும் செடிகளைப் பிடுங்கி அழித்தார்கள். அழித்த பயிருக்கு நஷ்டஈடு கிடைக்கும் என்று நம்ப முடியாது. பில் இல்லாத விதை முளைக்காவிட்டாலும் நுகர்வோர் மன்றத்தில் காட்ட உங்களிடம் ஒரு காகிதம் இருக்காது.

அது எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் பிரச்சினை எல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகிறது. மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் என்ற பாக்டீரியாவின் ஒரு மரபணுவைச் செடிக்குள் வைத்திருக்கிறார்கள். அதனால் தண்டு, இலை, காய் எல்லாவற்றிலும் கிரை1ஏசி என்ற புரதம் உண்டாகிறது. புழு கடித்து விழுங்கினால் அதன் குடலில் உள்ள காரத் தன்மையில் அந்தப் புரதம் கரைந்து, குடல் சுவரில் ஒட்டி ஓட்டை போடுகிறது. புழு தின்பதை நிறுத்திச் சாகிறது. நம் குடலில் அந்தக் காரத் தன்மையும் இல்லை, அது ஒட்டுகிற இடமும் இல்லை.

ஆனால் இது அந்துப்பூச்சி இனத்துப் புழுவுக்கு மட்டும்தான். வெள்ளை ஈ, தத்துப்பூச்சி, அசுவினி, சிவப்புச் சிலந்தி, இலையைச் சுரண்டும் புள்ளி வண்டு எதற்கும் இது உதவாது. தத்துப்பூச்சி பரப்புகிற சிற்றிலை நோய், வாடல், வேர்முடிச்சு நூற்புழு இவையும் அப்படியே இருக்கும். "மருந்தே வேண்டாம்" என்று யார் சொன்னாலும் அது பொய்.

நாற்றங்கால்:
பூச்சிக்கண் சார் சொன்ன சட்ட நிலை சரி. பில் இல்லாத விதையை யாரும் தொடக்கூடாது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தொழில்நுட்பத்தையே ஒதுக்கிவிட வேண்டாம். வங்காளதேசம் 2013 அக்டோபரில் அனுமதி கொடுத்து, 2014-ல் 20 விவசாயிகளுக்கு நாற்றுக் கொடுத்துத் தொடங்கியது. அங்கே இது ஒவ்வொரு பட்டமும் புதிதாக வாங்க வேண்டிய வீரிய ஒட்டு விதை அல்ல. அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் தன் சொந்த ரகங்களில் அந்த மரபணுவைச் சேர்த்து வெளியிட்டது. விவசாயி விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். காய்ப்புழுவுக்கு அடிக்கிற மருந்து அங்கே நன்றாகவே குறைந்தது. கையுறை இல்லாமல், முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு வாரத்துக்கு இரண்டு முறை மருந்து அடிக்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். அந்தக் குறைப்பு சின்ன விஷயமா? இங்கேயும் கோவை வேளாண் பல்கலை கோ 2, எம்டியு 1, கேகேஎம் 1, பிஎல்ஆர் 1 ஆகிய நான்கு ரகங்களில் பிடி கத்தரியைத் தயார் செய்து வைத்திருந்தது. அதிலும் விதை விவசாயி கையில்தான் இருந்திருக்கும்.

பருத்திமார்:
நாற்றங்கால் தம்பி, உடலுக்கு மருந்து குறைவது பெரிய விஷயம்தான், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தக் குறைப்பு எத்தனை வருஷம் நிற்கும் என்பதுதான் பருத்தி கேட்கிற கேள்வி.

2002 மார்ச்சில் மூன்று வீரிய ஒட்டுகளோடு பிடி பருத்தி வந்தது. 450 கிராம் பாக்கெட் சுமார் 1,600 ரூபாய். ஆந்திர அரசு 2006-ல் விலைக்கு எதிராக வழக்குக்குப் போன பிறகுதான் 750-க்கு இறங்கியது. அதே ஆண்டு கிரை1ஏசி-யோடு கிரை2ஏபி என்ற இன்னொரு புரதமும் சேர்ந்த இரண்டாம் தலைமுறை வந்தது. முதல் சில ஆண்டுகள் அமெரிக்கன் காய்ப்புழு அடங்கியது, மருந்து குறைந்தது, மகசூல் ஏறியது. அதெல்லாம் உண்மை. 2010-ல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு கிரை1ஏசி-க்குப் பழகிவிட்டது என்று அறிவித்தார்கள். 2015 வாக்கில் இரண்டு மரபணு விதையும் அங்கே தோற்றது. 2017-ல் மகாராஷ்டிரம், 2021-ல் பஞ்சாப். 2017-ல் யவத்மாலில் ஆளுயரப் பருத்திக்குள் நின்று மருந்து அடித்தவர்கள் நஞ்சேறி இறந்தார்கள். 2015-ல் பஞ்சாபில் வெள்ளை ஈ பருத்தியை அழித்ததும் பிடி வயல்களில்தான், அது பிடி தொடாத பூச்சி.

ஒரே விதை, ஒரே புரதம். அமெரிக்கன் காய்ப்புழு இன்றும் பெரும்பாலும் அடங்கித்தான் இருக்கிறது, இளஞ்சிவப்புப் புழு மட்டும் ஜெயித்துவிட்டது. ஏன்?

அமெரிக்கன் காய்ப்புழு துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என்று எதையும் தின்னும். பிடி இல்லாத அந்தப் பயிர்களில் நச்சே தெரியாத புழுக்கள் கோடிக்கணக்கில் வளர்கின்றன. பருத்தியில் தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு, அந்தக் கூட்டத்தோடு இணை சேர்ந்தால் பிறக்கும் குஞ்சு பெரும்பாலும் பிடி தின்றால் சாகும். இளஞ்சிவப்புப் புழுவுக்கு நம் ஊரில் பருத்தியை விட்டால் வேறு தீனி கிடையாது என்றே சொல்லலாம். தப்பியது தப்பியதோடுதான் சேரும்.

இதைத் தடுக்கத்தான் 450 கிராம் பாக்கெட்டோடு 120 கிராம் சாதா விதை கொடுத்தார்கள். பரப்பில் 20 சதவீதம் அல்லது சுற்றிலும் ஐந்து வரிசை, எது அதிகமோ அந்த அளவு. பெரும்பாலோர் அதை விதைக்கவே இல்லை. விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்கு விட வேண்டும். அந்தச் சின்னப் பாக்கெட்டில் இருந்ததும் பல நேரம் வயதிலும் உயரத்திலும் ஒத்துப்போகாத ரகம். ஏன் போட வேண்டும் என்று விற்பவரும் சொல்லவில்லை.

அடுத்த காரணம் இன்னும் நுணுக்கமானது. நம் பிடி பருத்தி எல்லாம் வீரிய ஒட்டு. செடியில் அந்த மரபணு ஒரு பக்கத்திலிருந்துதான் வருகிறது. அதனால் காய்க்குள் உள்ள கொட்டைகளில் நாலில் ஒன்றுக்கு அந்த நச்சு இருக்காது. இளஞ்சிவப்புப் புழு தின்பதே கொட்டையைத்தான். ஒரே காய்க்குள் நச்சுள்ளதும் இல்லாததும் கலந்து கிடந்தால் அரைகுறையாகப் பழகிய புழு தப்பிக்கிறது. இதோடு, கடைசிப் பறிப்புக்காகப் பயிரை ஏழு எட்டு மாதம் நிறுத்தி வைத்ததும் சேர்ந்தது. புழுவுக்குத் தலைமுறை மேல் தலைமுறை.

அமெரிக்காவில் சாதாப் பருத்தி வரிசையை ஒழுங்காக விட்டு, மலடாக்கிய அந்துப்பூச்சியையும் பறக்கவிட்டு, 2018-ல் இந்தப் புழுவை ஒழித்துவிட்டதாகவே அறிவித்தார்கள்.

பூச்சிக்கண்:
பருத்திமார் அண்ணன் சொன்னதைக் கத்தரிக்கு வைத்துப் பாருங்கள். கத்தரியின் தண்டு, காய்த் துளைப்பான் எந்த ரகம்? அமெரிக்கன் காய்ப்புழு மாதிரியா, இளஞ்சிவப்பு மாதிரியா?

இளஞ்சிவப்பு மாதிரிதான். கத்தரியும் அதன் சொந்தக்காரச் செடிகள் சிலவும்தான் அதற்குத் தீனி. முட்டையிலிருந்து தாய்ப்பூச்சி ஆக மூன்றிலிருந்து ஆறு வாரம். பாலாற்றுப் படுகையில் கிணறும் போரும் இருக்கிற இடத்தில் கத்தரி இல்லாத மாதம் கிடையாது. ஒருவர் கழனி முடியும்போது அடுத்தவர் நாற்று நடுகிறார். பழைய செடியைக் கவாத்து செய்து, மீண்டும் துளிர்த்துக் காய்க்க மறுதாம்பு விடுகிறவர்களும் உண்டு. பருத்தியில் எட்டு வருஷம் பிடித்த பழக்கம் இங்கே அதைவிடச் சீக்கிரம் வரக்கூடும் என்பது என் கணிப்பு. 20, 30 சென்ட் போடுகிறவரை ஓரத்தில் சாதாக் கத்தரி விடு என்றால் எந்தக் கையால் விடுவார்?

நாற்றங்கால்:
இந்த ஒப்பீட்டை ஏற்கிறேன். புழு ஒரே பயிரில் வாழ்கிறது என்பதை நான் போதிய அளவு யோசிக்கவில்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரகமாக நிலைப்படுத்திய பிடி கத்தரியில் மரபணு இரண்டு பக்கமும் இருக்கும், பருத்தி போல நாலில் ஒன்று பிரியாது. அதோடு கத்தரிக்காயின் சதை தாய்ச் செடியின் திசு, எந்த மகரந்தம் வந்து விழுந்தாலும் சதை மாறாது. அந்த ஒரு ஓட்டை இங்கே இல்லை. ஒரே மரபணுவை நம்பி இறக்குவது தப்பு என்பதில் மட்டும் இப்போது உங்களோடு நிற்கிறேன். அதிகாரப்பூர்வமாக என்றாவது வந்தாலும் இரண்டு மரபணுவும், ஊர் அளவில் விடுகிற சாதாப் பரப்பும் இல்லாமல் வரக்கூடாது.

விதைக்கூடை:
நாற்றங்கால் சொன்ன 'சதை மாறாது' என்பதில்தான் முள்ளு கத்தரிக்காரர்களுக்கு ஆபத்து ஒளிந்திருக்கிறது. பக்கத்தில் பிடி கத்தரி இருந்தால் இந்தப் பட்டத்தில் உங்கள் காயில் எந்த மாற்றமும் தெரியாது. முள், நிறம், ருசி எல்லாம் அப்படியே இருக்கும். கலப்பு நுழைவது உள்ளே இருக்கும் விதையில். அதை எடுத்து வைத்து அடுத்த பட்டம் விதைக்கும்போதுதான் செடியில் வெளிப்படும், அப்போதும் பிடி மரபணு இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ஆனால் பூவின் மகரந்தப் பை நுனியில் சின்னத் துளை வழியாகத்தான் மகரந்தம் உதிரும். கருவண்டு வந்து பூவைப் பிடித்து ரீங்கரித்து உலுக்கும்போது அது தூளாகக் கொட்டும், அதே வண்டு அடுத்த கழனிக்கும் போகும். பூ நடுவில் மகரந்தத்தை வாங்கும் சூல்தண்டு நீண்ட பூக்கள்தான் நன்றாகக் காய் பிடிப்பவை. அந்த நீண்ட முனைதான் வெளி மகரந்தத்தையும் வாங்கும். அதனால்தான் விதைச் சான்று விதிகளில் சான்று விதைக்கு 100 மீட்டர், ஆதார விதைக்கு 200 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள். நம் பக்கம் வரப்புக்கு வரப்பு கத்தரி. 100 மீட்டர் யாருக்கும் கிடைக்காது. அதனால் கழனியைத் தனிமைப்படுத்துவதை விடப் பூவைத் தனிமைப்படுத்துவது லேசு.

செய்முறை இது. கழனி நடுவிலிருந்து 30 செடி தேர்ந்தெடுங்கள். காம்பிலும் காய்மூடியிலும் முள் நன்றாக இருக்க வேண்டும், காய் வடிவமும் கோடும் ஊர் ரகத்தின் அடையாளத்தோடு ஒத்துப்போக வேண்டும், சிற்றிலையோ வாடலோ இருக்கக் கூடாது. மறுநாள் மலரப் போகிற மொட்டில், சூல்தண்டு நீண்டதாகப் பார்த்து, மெல்லிய துணிப் பை கட்டுங்கள். வண்டு வராததால் காலையில் பூக்காம்பை விரலால் நாலைந்து முறை தட்டிவிட வேண்டும், இதை மறந்தால் பூ உதிரும். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு வண்ண நூல் கட்டிவிடுங்கள், கூலிக்கு வருகிறவர்கள் தவறிப் பறித்துவிடாமல் இருக்க. செடிக்கு இரண்டு காய் போதும். காய் முழுக்க மஞ்சளாகும் வரை, பூத்ததிலிருந்து ஏறக்குறைய 50 நாள், செடியிலேயே விடுங்கள். பறித்து இரண்டு மூன்று நாள் வைத்து, நசுக்கி, தண்ணீரில் அலசினால் பொக்கு மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். அன்றே நிழலில் உலர்த்த வேண்டும், ஈரத்தோடு விட்டால் இரவோடு முளை கட்டிவிடும். ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள். ஏக்கருக்கு 160 கிராம் விதை தேவை. 60 காயிலிருந்து அது தாராளமாகக் கிடைக்கும்.

சந்தேகம் இருந்தால் சோதிக்கக் கிரை1ஏசி பட்டைச் சோதனை இருக்கிறது. இலைத் துண்டைக் கரைசலில் நசுக்கி அட்டையை நிறுத்தினால் சுமார் பத்து நிமிடத்தில் கோடு தெரியும். ஒரு கோடு என்றால் அந்தப் புரதம் இல்லை, இரண்டு கோடு என்றால் இருக்கிறது, கோடே இல்லை என்றால் அட்டை கெட்டுவிட்டது. ஆனால் பத்து நாற்றைச் சோதித்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். நூற்றுக்கு ஒன்று கலந்திருந்தால், 300 நாற்றைப் பார்த்தால்தான் அது அகப்பட 95 சதவீத வாய்ப்பு. பல நாற்றின் இலையை ஒன்றாக நசுக்கிச் செலவைக் குறைக்கலாம், எத்தனை வரை சேர்க்கலாம் என்பது அட்டையோடு வரும் தாளில் இருக்கும், அதைத் தாண்டக் கூடாது.

இன்னொரு தவறான நம்பிக்கையும் நிலவுகிறது. 2023-ல் நம் முள்ளு கத்தரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதால் விதை பாதுகாப்பாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். குறியீடு பெயரைக் காக்கும், மகரந்தத்தைத் தடுக்காது. உடுப்பியின் மட்டு குல்லா கத்தரிக்கும் 2011-ல் குறியீடு கிடைத்தது. ஆனால் அதற்கு முன்பே தார்வாட் வேளாண் பல்கலை பிடி செய்த ஆறு ரகங்களில் உடுப்பி உள்ளூர் ரகமும் ஒன்றாக இருந்தது. விதையை வைத்துக்கொள்ளவும், மாற்றிக்கொள்ளவும், பெயரிட்ட பாக்கெட்டாக இல்லாமல் விற்கவும் விவசாயிக்கு உள்ள உரிமை, 2001-ம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவில் இருக்கிறது. ஊர் ரகத்தை விவசாயி ரகமாக அதே சட்டத்தில் பதியவும் வழி உண்டு. குறியீட்டோடு இதுவும் வேண்டும்.

மல்லாட்டைக்கொல்லை:
நல்ல விளக்கம். ஆனால் பிடியும் வேண்டாம் என்றால் இன்றைக்குப் புழுவை எப்படி அடக்குவது? அதைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பில் இல்லாப் பொட்டலம்தான் ஜெயிக்கும்.

தோட்டக்கால்:
நியாயமான கேள்வி. புழு எப்போது வெளியே இருக்கிறது என்று பாருங்கள். தாய்ப்பூச்சி இலை அடியில் முட்டை வைக்கிறது, பொரித்த புழு சில மணி நேரத்தில் குருத்திலோ காயிலோ நுழைந்து தன் கழிவாலேயே துளையை அடைத்துக்கொள்கிறது. அதன் பிறகு மேலே எவ்வளவு அடித்தாலும் படாது. அதனால்தான் மருந்து 'வேலை செய்யவில்லை'.

முதல் வேலை குருத்துக் கிள்ளல். நட்ட மூன்றாம் வாரத்திலிருந்து, வாடித் தொங்கும் குருத்தைத் துளைக்குக் கீழே ஒரு அங்குலம் சேர்த்துக் கிள்ளிப் பையில் போடுங்கள். வரப்பில் வீசினால் புழு வெளியேறிச் சருகில் கூடு கட்டிப் பூச்சியாகிவிடும். வாரம் இரண்டு முறை, பூக்கும் வரை விடாமல் செய்தால் காய்க்கு இறங்கும் புழு பெருமளவு குறையும். சொத்தைக் காயும் அப்படியே. பையைக் கட்டி வெயிலில் போட்டு, பிறகு ஆழமாகப் புதையுங்கள்.

இரண்டாவது இனக்கவர்ச்சிப் பொறி. நோட்டம் பார்க்க ஏக்கருக்கு 5 போதும். ஆண் பூச்சியை மொத்தமாகப் பிடிப்பதென்றால் 10 மீட்டருக்கு ஒன்று, அதாவது ஏக்கருக்கு 40. செடி உயரத்திலேயே இருக்க வேண்டும், செடி வளர வளரப் பொறியையும் உயர்த்துங்கள். கவர்ச்சிக் குப்பியை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். ஒருவர் மட்டும் 20 சென்டில் வைத்தால் பலன் சொற்பம், சினையான பெண் பூச்சி பக்கத்துக் கழனியிலிருந்து வந்துகொண்டே இருக்கும். நாலைந்து கழனிக்காரர்கள் சேர்ந்து வைக்க வேண்டும்.

பூ வந்ததும் டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்ற, பூச்சி முட்டையை அழிக்கும் குட்டிக் குளவி (முட்டை ஒட்டுண்ணி), ஏக்கருக்கு 2 சிசி அட்டை, வாரம் ஒன்றாக ஐந்தாறு முறை. அட்டை கட்டிய வாரத்தில் ரசாயன மருந்து கூடாது. வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம்: 5 கிலோ பருப்பை இடித்து ராத்திரி ஊறவைத்து வடித்து, 100 லிட்டராக்கி, 200 கிராம் காதி சோப்பு கரைத்துச் சாயங்காலம் அடியுங்கள்.

அப்படியும் மீறினால் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி, 10 லிட்டருக்கு 4 கிராம், பறிப்புக்கு 3 நாள் இடைவெளி. குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்சி-யும் கேட்கும், ஆனால் கத்தரிக்கு அதன் காத்திருப்புக் காலம் 22 நாள். நாலைந்து நாளுக்கு ஒருமுறை பறிக்கிற பயிரில் காய்ப்பு தொடங்கிய பின் அதை அடித்தால் அந்தக் காய் சந்தைக்குப் போகவே கூடாது. எத்தனையோ பேர் அடித்த மூன்றாம் நாள் பறிக்கிறார்கள், அதைத் தின்பது நம் பிள்ளைகளும்தான். அதை நட்டதிலிருந்து பூக்கும் முன் வரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டுகளை நிறுத்திவிடுங்கள், அவை நன்மைப் பூச்சியைக் கொன்று வெள்ளை ஈயையும் சிலந்தியையும் பெருக்குகின்றன.

கழனிமேடு:
மிக்க நன்றி. பொட்டலம் விஷயம் தெளிவாகிவிட்டது. ஒரே ஒரு சந்தேகம், பறிப்பு முடிந்த கத்தரி மாரை (காய்ந்த செடித் தண்டை) இங்கே அடுப்புக்கு என்று வரப்பில் அடுக்கி வைப்பது வழக்கம். அதனால் புழு வருமா?

தோட்டக்கால்:
வரும் அண்ணே, அதுவே பெரிய ஊற்று. காய்ந்த தண்டிலும் சருகிலும் கூட்டுப்புழு ஒட்டியிருக்கும், ஓரிரு வாரத்தில் பூச்சியாகிப் பக்கத்து இளம் நாற்றுக்குப் போகும். அடுப்புக்கு வேண்டும் என்றால் குவியலைக் கொசுவலைத் துணியால் முழுக்க மூடி, ஓரத்தில் மண் அணைத்து மூன்று வாரம் வையுங்கள், வெளிவரும் பூச்சி உள்ளேயே செத்துவிடும். வேண்டாம் என்றால் கடைசிப் பறிப்பு முடிந்த வாரத்திலேயே ரோட்டவேட்டர் ஓட்டி மண்ணோடு மடக்கிவிடுங்கள். புது நாற்றங்காலை அந்த வரப்பிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிப் போட்டு, நடும் நாள் வரை வலைக்குள் வையுங்கள். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போகும்போது வாடிய குருத்து நாலைந்தைப் பையில் கட்டி எடுத்துப்போய்க் காட்டுங்கள். வாடல் நோயில் செடி முழுக்கத் தொங்கும், புழுவில் நுனி மட்டும் தொங்கும். அதைப் பிரித்து அறியாமல் மருந்து வாங்கி வீணாக்குகிறவர்கள் நிறையப் பேர்.